மணிவிழாக் காசு

வெள்ளி விலை தாறுமாறாக ஏறிக்கிடந்த நேரம் பார்த்து, பாத்திரம் விளக்கிக்கொண்டே காளியாத்தாள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்கம்மணி, ஐயா மணிவிழாவுல குடுத்த வெள்ளிக்காசைப் போட்டு, வர்ற மருமவளுக்குக் கொலுசு எடுக்கலாம்னு இருக்கறனுங்க. நான் ஒருத்தியாப் போனா கடைக்காரன் ஏமாத்திப்போடுவான். நீங்க ஒரெட்டு கூட வாரீங்களா?"

கடை என்றதுமே ராமாமணி பயந்துபோனாள். பயப்படாமல் என்ன செய்வாள்?

அவள் கணவர் வேங்கடசாமிக்கு அறுபது முடிந்தபோது, மில் முதலாளி வீட்டு விசேஷமாயிற்றே என்று தனியாக நாணயமே அடித்தார்கள். ஒரு பக்கம் மாலையும் கழுத்துமாகத் தம்பதி, மறுபக்கம் மில்லின் முகப்பு. "வந்தவங்க எல்லாருக்கும் சுத்த வெள்ளிங்க, மொதலாளி தொழிலாளிங்கற வித்தியாசமே இல்லீங்க" என்று மைக்கில் அவர் முழங்க, மண்டபமே கைதட்டியது. பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. ஆர்டர் கொடுத்தது ராமாமணி. சொந்தபந்தத்துக்கு வெள்ளி, மில் ஆட்களுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் முலாம் பூசிய பித்தளை. இதுகள் என்ன உரசியா பார்க்கப்போகிறது என்ற எண்ணம்தான். மிச்சம் பிடித்த பணம் பந்தியில் ஐஸ்கிரீமுக்குச் சரியாய்ப் போயிற்று. இதற்கா இத்தனை சாமர்த்தியம்!

"அதை எங்கிட்டக் குடு. கொலுசு நான் எடுத்துத் தாரேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"அய்யோ வேண்டாமுங்க. நீங்க குடுத்ததுக்கு உங்ககிட்டயே மறுக்கா வாங்கினா நல்லாவா இருக்கும்? மொதலாளி ஊட்டுக் காசுல செஞ்ச கொலுசுன்னு சம்பந்தி ஊட்டுல சொல்லோணுமுங்க."

அதற்குமேல் மறுத்தால் சந்தேகம் வரும். ராஜ வீதிக் கடைக்குப் போனார்கள்.

காளியாத்தாள் மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்தாள். கடைக்காரர் தரம் பார்க்கும் மெஷினில் வைத்தார். துடைத்து மறுபடி வைத்தார்.

"இதுல வெள்ளி இல்லீங்களே. மேல பூச்சு, உள்ள பித்தளை. போன வாரம் உங்க சொந்தக்காரர் ஒருத்தர் இதே காசு கொண்டாந்தாருங்கம்மா. அது சுத்த வெள்ளி."

காளியாத்தாளின் முகம் கறுத்தது. "அப்ப அவன்தானுங்க" என்றாள்.

அவன் என்றால் மகன் மோகன்குமார். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை. குடித்துத் திரிந்த காலத்தில் வீட்டு அண்டா முதல் அம்மாவின் தோடுவரை விற்றவன். குடியை விட்டபிறகுதான் பெண்ணே அமைந்தது.

"சாமி படத்துக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்தனுங்க. அதையும் வித்துப்போட்டு, அதே மாதிரி டூப்பைப் பண்ணி வெச்சிருக்கறான்!"

ஒரு நொடி, தப்பித்தோம் என்றுதான் ராமாமணிக்குத் தோன்றியது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல!

காளியாத்தாள் அதற்குள் போன் போட்டுவிட்டாள். "டேய், காசை எங்கடா வித்தே?"

"எந்தக் காசும்மா? சத்தியமா நான் எடுக்கலம்மா."

"உன் சத்தியத்தைக் குப்பையில போடு. அந்தப் புள்ள ஊட்டுல சொல்லிக் கல்யாணத்தையே நிறுத்திப்போடறேன், பாரு!"

அந்தப் பக்கம் ஓர் ஆண்பிள்ளை விம்முவது ராமாமணிக்கும் கேட்டது. அவளால் தாங்க முடியவில்லை.

"காளியாத்தா, அவனைத் திட்டாதே. அவன் எடுக்கல. நாங்க குடுத்ததே அதுதான்." உடனே திருத்திக்கொண்டாள். "நாங்க இல்ல. நான்."

கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். காளியாத்தாள் அவளையே பார்த்தாள்.

"ஐயாவுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

காளியாத்தாள் போனைக் காதில் வைத்தாள். "கண்ணு, அழுவாத சாமி. அம்மா தெரியாமத் திட்டிப்போட்டேன். என்னை மன்னிச்சுக்கோ."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அதே வார்த்தை ராமாமணியின் நாக்கிலும்தான் இருந்தது. வரவில்லை. அதற்குப் பதிலாக, "நல்ல கொலுசா எடுத்துக் காட்டுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

"வேண்டாமுங்கம்மணி" என்றாள் காளியாத்தாள். மஞ்சள் துணியை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "காசை நீங்களே வெச்சுக்கோங்க. ஊட்டுல இருந்தா, பாக்கறப்பெல்லாம் எம்புள்ளையைத் திருடன்னு சொன்னதுதான் நெனப்பு வரும்."

அவள் படியிறங்கிப் போனாள். கண்ணாடி மேசைமேல் மாலையும் கழுத்துமாகத் தம்பதி சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் வேறு யாரோ நுழையவே, ராமாமணி அவசரமாக அந்தக் காசை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.