பாலத்தில் முளைத்த அரசு

"அரசமரத்தை எடுக்கப் போறோம் மதினி. உங்க தொட்டிலை அவுத்துக் குடுத்துருங்க."

கேட்டுவிட்டேன். இதை மட்டும் நம் வீட்டில் கேட்கவே கூடாது என்று காலையில் அம்மா சோறு வடிக்கும்போது சொன்னாள், நான் பைக்கை எடுக்கும்போது வாசல்வரை வந்தும் சொன்னாள். பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய தொட்டில் அங்கே ஆடுவதால்தான் மதினி இரண்டு வாய் சாப்பிடுகிறாள் என்பது அம்மாவின் எண்ணம்.

அண்ணன் மனைவி விஜி மதினி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

அது யாரும் நட்ட மரம் இல்லை. உத்தமபாளையம் போகிற வழியில் ஆற்றின் மேல் நிற்கும் எங்கள் ஊர்க் கல்பாலத்தில், இரண்டாவது வளைவின் இடுக்கில், ஏதோ பறவை எச்சத்தில் விழுந்து முளைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சுண்ணாம்பு வைத்துக் கட்டிய பாலம். வேர் அந்தச் சுண்ணாம்பைத் தின்றுகொண்டே போய், என் கை முழங்கைவரை நுழைகிற அளவுக்குக் கல்லைப் பிளந்துவிட்டது. மழைக்கு முன்னால் மரத்தை வேரோடு எடுத்து விரிசலை அடைத்தால் பாலம் நிற்கும், இல்லாவிட்டால் ஆபத்து என்று எழுதி இடித்துவிடுவோம் என்று பெரிய இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். படித்த படிப்புக்குச் சொந்த ஊரிலேயே வேலை வந்ததில் அம்மாவுக்கு ஒரே பெருமை, மரத்தில் கை வைக்கப்போகிறேன் என்று தெரியும்வரை.

ஊரில் எல்லாருக்கும் பாலம் வேண்டும். 'எங்கள் அடையாளம்' என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள். மரத்தை எடுக்கணும் என்றால் ஒரு வாயும் திறக்காது; பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய துணித்தொட்டில்கள் கிளையெல்லாம் தொங்கின. தொட்டில் யாருக்காகக் கட்டியதோ அவள் தன் கையால் அவிழ்க்காமல் மரத்தில் அரிவாள் வைக்கமாட்டேன் என்றுவிட்டார் கொத்தனார் பேச்சிமுத்து. அதுவும் நியாயம்தான். வீடு வீடாகப் போனேன். மொக்கம்மாள் அத்தை, "மூணு கேட்டேன், மூணும் பொறந்து தறுதலையாத் திரியுது. இனி மரத்தோட எனக்கென்ன வழக்கு" என்று வந்து அவிழ்த்தாள். பிள்ளை இல்லாதவர்களிடம் கேட்டபோது என் நாக்கு எனக்கே பிடிக்கவில்லை. ஏசினார்கள், அழுதார்கள், கடைசியில் வந்தார்கள். அவர்களை எல்லாம் அழவைத்துவிட்டு என் வீட்டில் மட்டும் கேட்காமல் இருந்தால் நான் என்ன மனுஷி? மரத்தில் மிச்சம் இருந்தது மஞ்சள் துணியில் ஒரே தொட்டில்.

மதினி அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

"அது நான் கட்டுனது இல்ல ஓவியா. அத்தை கட்டுனாக. என்னய முடிச்சுப் போடக்கூட விடல."

அத்தை என்றால் என் அம்மா. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

பிறகு ஏன் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"விளக்குப் போட எம்புட்டு நேரம் ஆகும்? போட்டுட்டுப் பாலத்துச் சுவர்ல உக்காந்துருப்பேன். அங்கன யாரும் விசேஷம் உண்டானு கேக்கமாட்டாக. வளைவுக்குள்ள தண்ணி நொழையிறப்ப ஒரு சத்தம் வரும் பாரு, வயிறு நெறயத் தின்னவுக பெருமூச்சு விடுற மாதிரி. அதக் கேக்கத்தான் போறேன். மரத்துக்குப் போறேன்னா விடுவாக. பாலத்துக்குப் போறேன்னா விடுவாகளா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அதே வீட்டிலிருந்து நான் பைக்கில் நினைத்த இடத்துக்குப் போகிறேன். இவள் காற்று வாங்க ஒரு மரத்தைச் சாக்கு வைத்திருக்கிறாள். மரம் போனால் சாக்கும் போகும். அவளுடைய வெள்ளிக்கிழமையை அல்லவா கேட்டிருக்கிறேன்.

"அப்ப மரம் இருக்கட்டும் மதினி." என் வாயில் அது வரும் என்று நானே நினைக்கவில்லை.

"கிறுக்கி. மரம் இருந்தாப் பாலம் இருக்காதுல்ல. அப்புறம் நான் எங்கன போயி உக்கார?"

அம்மா வெளியே வந்தாள். அரசை வெட்டினால் குலம் தங்காது என்றாள், சசி வரட்டும், அவனைக் கேட்டுக்கொள்ளலாம் என்றாள். சசிதரன் என் அண்ணன். டாக்டரிடம் போகலாம் என்று மதினி கேட்கும்போதெல்லாம், மரத்தில்தான் தொட்டில் கட்டியிருக்கிறதே என்று பேச்சை முடிக்கிறவன்.

நான் மதினியைப் பார்த்துத்தான் பேசினேன்.

"விரிசலை அடைச்சதும் சுண்ணாம்பு வெடிக்காம ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணி தெளிக்கணும். காலையிலயும் சாயங்காலமும், தெனமும். ஆள் இல்ல. வர்றீகளா?"

"தெனமுமா?"

"தெனமும்."

அவள் எழுந்து கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். "வர்றேன்" என்று அம்மாவிடம்தான் சொன்னாள்.

சசி வரட்டும் என்றாள் அம்மா மறுபடி. குரலில் வலு இல்லை. பிறகு மதினியின் பக்கம் திரும்பினாள்.

"முடிச்ச இறுக்கிப் போட்டுருக்கேன். பிச்சுறாத தாயி, பைய அவுரு."

பாலத்துக்குப் பைக்கில் போகலாம் என்றேன். நடக்கலாம் என்றாள் மதினி. அண்ணனுக்குப் போன் போட அம்மா உள்ளே போவது தெரிந்தது. நாங்கள் நிற்கவில்லை.