காப்புக் கட்டிய லிவர்

லிவரை விட்டால் கத்தி நின்றுவிடும். எங்கள் டில்லர் மிஷினில் நான் நம்பியது அது ஒன்றைத்தான். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றியது, சந்தனப் பொட்டு வைத்தது, மிளகாய் சுற்றிப் போட்டது எல்லாம் என் மாமியார் மூக்கம்மாள் நம்பியவை. அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு என்று இருந்திருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.

மிஷினைப் போடியில் பிரின்ஸ் அண்ணன் கடையில் வாங்கினோம். டில்லர் என்றால் டிராக்டர் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுவதில்லை. முன்னால் இன்ஜின், அதற்கு அடியில் மண்ணைக் கிளறும் கத்திச் செட்டு, பின்னால் மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு கைப்பிடி. நாம் பின்னாலேயே நடந்து போக வேண்டும். கைப்பிடியோடு சேர்த்து ஒரு சிவப்பு லிவரை அழுத்திப் பிடித்தால்தான் கத்தி சுற்றும். பக்கத்திலேயே இன்ஜினை நிறுத்தும் சுவிட்சு.

"தங்கச்சி, கையை எடுத்தா கத்தி நிக்கணும். நிக்கலைன்னா அன்னைக்கு மிஷினைத் தொடாதீங்க. கத்தியில கொடி கிடி சுத்திக்கிட்டா பிளக் வயரைப் பிடுங்கிட்டுத்தான் கை வைக்கணும். ரிவர்ஸ் எடுக்கையில அது நம்ம மேல வரும். காலு எங்க இருக்குன்னு பாத்துக்கணும்" என்றார் பிரின்ஸ் அண்ணன். என் வீட்டுக்காரர் ஈஸ்வரன் அப்போது எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டவள் நான்தான்.

அதனால் மிஷினுக்கு அவர் டிரைவர், நான் கிளீனர் என்று ஆனது. சாயங்காலம் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கத்தித் தண்டில் சுற்றியிருக்கும் கோரையையும் கொடியையும் அறுத்து எடுப்பேன். போல்ட்டுகளை முறுக்குவேன். ஆயில் பார்ப்பேன். "பெத்த பிள்ளைய இப்பிடிக் குளிப்பாட்ட மாட்டா போல" என்று அவர் கேலி செய்வார். கேலி செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வரும்.

எங்களுக்கு ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மலையடியில் ஒரு சரிவு நிலம் இருக்கிறது. பங்கு பிரித்தபோது வேண்டாம் என்று எல்லோரும் தள்ளிவிட்ட கல்லுக்காடு. டிராக்டர் ஏறாது, மாடும் ஏறாது. கல்யாணமான நாளிலிருந்து விடியுமுன் எழுந்து, சோற்றுவாளியோடு ஜீப்பில் ஏறி, மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனோம். ஜீப்பில் ஆளை ஏற்றுவதில்லை, அடைப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். மேலே போனால் மழை, அட்டைக்கடி, கங்காணியின் பேச்சு. அந்தச் சரிவு பண்பட்டு மொச்சை விளைந்தால் நான் ஜீப்பைவிட்டு இறங்கிவிடலாம். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அதற்குத்தான் டில்லர்.

லிவரை அழுத்தியே பிடித்திருப்பதில் அவருக்கு உள்ளங்கை மரத்துப்போகும். ஒருநாள் சைக்கிள் டியூபை அறுத்து லிவரைக் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டியிருந்தார். பார்த்ததும் எனக்குக் கொதித்துவிட்டது. அவிழ்த்துக் கிணற்றில் எறிந்தேன்.

"சுத்துப்பட்டுல எல்லாரும் இப்பிடித்தான் கட்டி ஓட்டுறாங்க, பிரியா" என்றார்.

"எல்லாரும் கெணத்துல குதிச்சா நீங்களும் குதிப்பீங்களா? கைதான் வலிக்குது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு ஓட்டுங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதன்பிறகு கட்டவில்லை. அவர் கட்டவில்லை.

சித்திரையில் ஊர்க் காளியம்மனுக்குத் திருவிழா என்று சாமி சாட்டினார்கள். சாட்டியதும் ஆளுக்குக் காப்பு, வாசலுக்குக் காப்பு, மண்வெட்டிக்கும் மருந்தடிக்கிற டேங்குக்கும் காப்பு. திருவிழா முடிந்து பூசாரி அறுக்கச் சொல்லும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது. மாமியார் குளித்து, ஈரச்சேலையோடு வந்து டில்லருக்கும் கட்டினார். மஞ்சள் துணியில் வேப்பிலையைச் செருகி, வலது கைப்பிடியில் சுற்றுச் சுற்றென்று சுற்றினார். கைப்பிடி, லிவர், சுவிட்சு எல்லாம் ஒரே பொட்டணமாக உள்ளே போய்விட்டன. கிழவிக்குக் கையில் பலம் அதிகம். லிவர் அழுத்தியபடியே நின்றுவிட்டது.

நான் பதறிக்கொண்டு போனேன். "அத்தே, கொஞ்சம் மேல தள்ளிக் கட்டுங்களேன். லிவரு மாட்டிக்கிருச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டுன காப்பை அவுத்துக் கட்டுறதா? கழுத்துல கெடக்கிறதையும் அப்பிடித்தான் அவுத்து அவுத்துக் கட்டுவியா?"

பூசாரியிடமும் போய்க் கேட்டேன். திருவிழா முடியட்டும் ஆத்தா என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா வந்தது? சரி, முடியட்டும், அதுவரை மிஷின் சும்மா நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை நிற்க விடவில்லை. அன்று சாயங்காலமே கோடைமழை இறங்கி, சரிவு முழுக்க நனைந்தது. காலையில் எழுந்து பார்த்தால் அவர் டில்லரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"இன்னைக்கு வேணாங்க. லிவரு கட்டிக் கெடக்கு."

"சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு சொல்லுவாங்க. ஈரம் காஞ்சா அந்தக் கட்டிய எவன் உடைக்கிறது? அத்தோட நானா கட்டுனேன்? எங்காத்தா கட்டிருச்சு. சாமியே கையப் பிடிச்சுக்கிட்டு வருது. நீ கஞ்சியக் கொண்டா."

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. கை வலிக்காமல் ஓட்டலாம் என்ற சந்தோஷம். அதை எப்படிக் கெடுப்பது என்று தெரியாமல் கூடவே போனேன். வரப்பில் புல் அறுக்கப் போகிறேன் என்று பண்ணரிவாளை எடுத்துக்கொண்டேன்.

கீழ்ப்பக்கம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. ஈரமண் பொலபொலவென்று புரண்டு வந்ததைப் பார்த்தபோது எனக்கே மனசு நிறைந்துவிட்டது. மேல் வரப்புக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் கத்தி மாட்டியது. ரிவர்ஸ் போட்டு இழுத்தார். பின்னால் ஒரு வேர் கிடந்தது. குதிகால் அதில் தட்டி மல்லாக்க விழுந்தார்.

இரண்டு கையையும் விட்டுவிட்டார். எந்த மனிதனும் விழுகிறபோது கையை விடத்தான் செய்வான். அதற்காகத்தானே அந்த லிவரை வைத்திருக்கிறார்கள். மிஷின் நிற்கவில்லை. சரிவும் சேர்ந்து தள்ள, அவர் காலின்மேல் ஏறிவந்தது.

ஓடினேன். சுவிட்சைத் தேடினால் துணிதான் கையில் படுகிறது. பிளக் வயர் அந்தப் பக்கம், எட்டவில்லை. இடது கையால் பொட்டணத்தைப் பிடித்துக்கொண்டு அரிவாளால் அறுத்தேன். துணி விட்டதும் லிவர் மேலே எகிறியது. கத்தி நின்றது. எப்போதும் போல, விட்டதும் நின்றது. பிறகு அவர் சத்தம் மட்டும் கேட்டது.

பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஓடிவந்தபோது அவர் மயங்கிக் கிடந்தார். என் கையில் அரிவாள். காலடியில் அறுந்த காப்பு. வந்தவர்கள் பார்த்தது அவ்வளவுதான்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில்தான் அவரைப் போட்டுக்கொண்டு போனோம். போடியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நாங்கள் வார்டில் கிடந்தபோதே ஊரில் கதை தயாராகிவிட்டது. காப்பை அறுத்தாளாம், அதனால் கால் போனதாம். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது. கால் மாட்டியதற்குப் பிறகுதான் அறுத்தேன் என்று யாரிடம் சொன்னாலும், ஆமாம் தாயி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டில் பழைய கதையையே சொன்னார்கள். நான் முன்பே பூசாரியிடம் போய் அவிழ்க்கலாமா என்று கேட்டதும் சாட்சியாகிவிட்டது. அன்றைக்கே அவளுக்கு அறுக்கிற எண்ணம் இருந்திருக்கிறது என்றார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

கேள்விப்பட்டுப் பிரின்ஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். மிஷினைப் பார்த்தார், கைப்பிடியில் ஒட்டியிருந்த துணியைப் பார்த்தார். "லிவரைக் கட்டுனதுதான்மா காரணம். தங்கச்சி அறுக்கலைன்னா உசுரே போயிருக்கும்" என்று மாமியாரிடம் நேராகவே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஆளாவது சொன்னாரே.

மாமியார் அவருக்குக் காப்பித் தண்ணி கொடுத்தார். மரியாதையாகத்தான் சொன்னார். "நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க அப்பு. எங்க சாமி விவரம் உங்களுக்குத் தெரியாது."

இனி ஒரே ஆள்தான் பாக்கி. விழுந்தவர். எது முதலில், எது பிறகு என்று என்னைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கட்டு மாற்றும்போது கேட்டேவிட்டேன்.

"நீங்க விழுந்தது முதல்ல. நான் அறுத்தது அதுக்கப்புறம். உங்களுக்குத் தெரியும்ல?"

சுவரைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. "அப்ப அத்தைகிட்டச் சொல்லுங்க. உங்க தம்பி சோலைகிட்டச் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்."

"எப்பிடிச் சொல்ல? சொன்னா, எங்காத்தா கட்டுனதுனாலதான் எனக்குக் காலு போச்சுன்னு ஆகிரும். அதைக் கேட்டுட்டு அது உசுரோட இருக்குமா?" என்னைப் பார்க்காமலே சொன்னார். "நீன்னா தாங்குவ."

கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டை மாற்றி முடித்துவிட்டு, பழைய துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கட்டினவள் தாய், அறுத்தவள் பெண்டாட்டி. யாரைக் காப்பாற்றுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவர் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன் இல்லையா, நல்ல மகனும்கூட.

அப்புறம் பரிகாரம் என்று ஒன்று நடந்தது. குற்றம் நடந்த மிஷினுக்கு, அடுத்த வருஷம் சாமி சாட்டுகிறவரை அறுக்காத காப்புப் போட வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். ஊர் பார்க்க, கைப்பிடியும் லிவரும் சுவிட்சும் சேர்த்து மாமியார் மறுபடியும் சுற்றினார். இந்த முறை துணியோடு மஞ்சள் கயிறும் போட்டு முடிச்சுமேல் முடிச்சு. குற்றவாளி நான்தானே, மஞ்சள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாதியில் நின்ற சரிவை இனி என் கொழுந்தன் சோலை ஓட்டுகிறான். தனியாக அவனிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, ஓட்டுறதுன்னா ஓட்டு. ரிவர்ஸ் மட்டும் எடுக்காத. மாட்டுனா அந்த மிஷின் நிக்காது. பிளக் வயரு எங்கன இருக்குன்னாவது ஒருக்கப் பாத்துக்க."

"மதினி, நீங்க செஞ்சது வரைக்கும் போதும்" என்றான். கெட்ட பிள்ளை இல்லை. அண்ணன் காலைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போன பிள்ளை.

மிஷின் பக்கம் நான் போகக் கூடாது என்று கட்டளை. கத்தியில் சுற்றிய கோரையை யாரும் எடுப்பதில்லை. போல்ட்டு முறுக்குவதில்லை. ஓடும்போது கடகடவென்று ஒரு சத்தம் வருகிறது. பண்ணரிவாளை மாமியார் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார்.

நான் மறுபடியும் ஜீப்பில் போகிறேன். முன்பு இரண்டு பேர், இப்போது ஒருத்தி. ஊரைத் தாண்டி மலைப்பாதைக்குத் திரும்பும் இடத்தில் எங்கள் சரிவு தெரியும். வெயில் ஏறுமுன் ஓட்டிவிட வேண்டும் என்று சோலை வெள்ளென வந்துவிடுகிறான். ஒரு கையால் டில்லரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே நடக்கிறான். லிவரை அழுத்த வேண்டாம் அல்லவா, கைக்கு வேலை இல்லை. மேல் வரப்பை நெருங்கிக்கொண்டிருக்கிறான். அந்தக் கல்லையும் வேரையும் இன்னும் யாரும் எடுக்கவில்லை.

கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவேன். அப்புறம் வளைவு மறைத்துவிடும். அவன் விழுகிற அன்றைக்கு நான் மலைமேல் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருப்பேன்.