சிகரத்தில் ஜூன் முப்பத்தொன்று

வானிலை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து காற்றின் வேகத்தைக் குறித்து அனுப்புகிற பெண்மணியை எல்லோரும் காத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை ஒன்றும் பெரிய பிரம்ம வித்தை இல்லை. எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சிகரம் இருக்கிறது. அங்கே ஊர் கிடையாது, ரோடு கிடையாது, காற்று மட்டும் தாராளமாக உண்டு. உச்சியில் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் சுழலும் மூன்று கிண்ணங்கள். அவை சுற்றுகிற வேகம் காத்தக்காவின் மேஜைமேல் உள்ள பெட்டியில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எண்ணாக வந்து நிற்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அந்த எண்ணைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அன்றைய பாடு முடிந்தது.

அந்தப் பெட்டி நாலு வருஷத்துக்கு முன்னாலேயே மண்டையைப் போட்டுவிட்டது. ஒரு நாள் காலை வந்து பார்த்தால் பூஜ்யம். தட்டிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பூஜ்யம்தான். பழுது என்று எழுதிக் கொடுக்கலாம். ஆனால் எழுதிக் கொடுப்பவரே மேலே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஆறு மணி நேர நடை, கடைசி அரை மணி நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அதைப் படித்ததும் காத்தக்காவுக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு மட்டும் நாற்பத்திரண்டு என்று எழுதி அனுப்பினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

நாலு வருஷமாகச் சிகரத்தில் காற்று அவள் சொன்னபடிதான் வீசியது. மழைக்காலத்தில் கொஞ்சம் கூட்டுவாள், வெயில் காலத்தில் குறைப்பாள். வீட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாட்களில் அங்கே சூறாவளி. அதே வீட்டுக்காரரும், கல்லூரிக்குப் போகும் இரட்டைப் பெண்களும் அவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். குட்டு உடைந்தால் வேலை போய்விடும். அதனால் அதை அவள் அதிகம் நினைப்பதில்லை.

புது அதிகாரி வந்தார். வந்த வேகத்தில் முதல் வேலையாக மூன்றாம் மாடியில் தனக்கு ஒதுக்கியிருந்த அறையைத் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொண்டார். மக்கள் சுலபமாக வந்து பார்க்கவாம். வானிலை அலுவலகத்துக்கு எந்த மக்கள் வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வேலையாகச் சிகரத்துக்கு நேரில் போய் ஆய்வு செய்யப்போவதாக அறிவித்தார். பத்து வருஷமாக நடக்காத ஆய்வு, தலைமை அலுவலகம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் திட்டம் போட்ட அழகே தனி. ஆணி வைத்த பூட்ஸ் வாங்கினார். பைனாகுலர் வாங்கினார். சுவர் நிறைய வரைபடம் ஒட்டி, எங்கே தண்ணீர் குடிப்பது, எங்கே மூச்சு வாங்குவது என்று சிவப்புப் பென்சிலால் குறித்தார். ஜீப் டிரைவரைக் கூப்பிட்டு டயரை அழுத்திப் பார்க்கச் சொன்னார். மேலே காத்தக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு இன்னொரு விதி ஞாபகம் வந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் சிகரத்தில் காற்று அறுபதைத் தாண்டினால் பயணம் ரத்து.

அறுபதா, இந்தா எழுபத்தி நாலு என்று அனுப்பிவிட்டாள். 

பயணம் ரத்தாயிற்று. அடுத்த மாதம் மறுபடி தேதி குறித்தார்கள், அறுபத்தெட்டு. அதற்கடுத்து எழுபத்தொன்று. இப்படி ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் அதிகாரி பூட்ஸைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, பெரிய பெருமூச்சு ஒன்றை விட்டபடி ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார் என்று டிரைவர் வந்து சொன்னான். இன்னும் மூன்று வாரத்தில் ஓய்வு பெறப்போகிற மனுஷன். காத்தக்காவுக்குப் பாவமாக இருந்தது. பொய் சொல்லத் தெரிந்தவளே தவிர, ஈரமில்லாதவள் இல்லை.

ஆறாவது தேதி குறித்தார்கள். ரெண்டு நாள் தூக்கம் வராமல் புரண்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். போகட்டும், ஆசை தீரப் பார்த்துவிட்டு வரட்டும். கருவி ஓடவில்லையே என்று கேட்டால், நேற்று வரை ஓடியது என்று சத்தியம் செய்துவிடலாம். துருவில் தேதியா எழுதியிருக்கும்? கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் பதினொன்று என்று அனுப்பினாள். பதினொன்று என்பது பூங்காவில் நடக்கிற காற்று.

பத்து நிமிஷத்தில் அதிகாரி மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டார். இந்த மாடிக்கு அவர் ஏறியதே இல்லை, எதுவானாலும் போன்தான். சுவரைத் தடவியபடி வந்தவர் கதவைச் சாத்தினார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. காத்தக்கா எழுந்து நின்றாள். வேலை போச்சு, பெண்களின் படிப்பு போச்சு என்று மனசு கணக்குப் போட்டது.

"ஏம்மா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்றார் அதிகாரி.

அவளுக்குப் புரியவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவள் கையெழுத்தேதான். மூன்று வருஷம் பழசு. ஜூன் முப்பத்தொன்று, காலை முப்பத்தெட்டு, மாலை நாற்பது என்று இருந்தது.

"ஊருக்கெல்லாம் ஜூன் முப்பதோட முடிஞ்சிருது. நம்ம சிகரத்துல மட்டும் ஒரு நாள் ஜாஸ்தி. வந்த முதல் வாரமே இதைப் பார்த்துட்டேன். பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? எனக்கு ஸ்டூல்ல ஏறினாலே தலை சுத்தும்மா. நான் தைரியமா தேதி குறிப்பேன், நீங்க காத்தைக் கிளப்புவீங்கன்னு நம்பித்தானே இருந்தேன்."

அந்தப் பெருமூச்சுகள் எதற்கென்று காத்தக்காவுக்கு இப்போது விளங்கியது. இந்த ஆளுக்காகவா ரெண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று எரிச்சலாகவும் வந்தது, உயிர் திரும்பி வந்த சந்தோஷமாகவும் இருந்தது. மாலை அளவு இன்னும் போகவில்லை என்று நினைவுபடுத்தினாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. தொண்ணூறு என்று எழுதப் போனவளைத் தடுத்து, தொண்ணூறென்றால் சந்தேகம் வரும், எழுபத்தொன்பது போடுங்கள் என்றார். எழுபத்தொன்பது போயிற்று. அவர் சுவரைத் தடவியபடியே, ஆனால் சீட்டியடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மறுநாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் கருவிகளைக் கவனிக்கும் இன்ஜினியர். காலையில் பதினொன்று, மாலையில் எழுபத்தொன்பது. சுற்றியுள்ள எந்த நிலையத்திலும் ஒரு இலைகூட அசையவில்லை. ஆகவே சிகரத்துக் கருவி நேற்றுப் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் அது ஒரு குறையும் இல்லாமல் ஒழுங்காக உழைத்ததைப் பாராட்டினார். புதுக் கருவி வண்டியில் ஏற்றியாயிற்று. வானம் வெளுத்திருக்கிறது, அந்த எழுபத்தொன்பதை நம்பிப் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை, விதிப்படி அளவை எழுதி அனுப்புகிறவரும் அதிகாரியும் நாளைக்கே ஏறிப் பொருத்திவிட வேண்டும்.

வேலை தப்பித்தது. நாலு வருஷப் பொய்க்கும் ஒரே நாளில் மேலிடத்து முத்திரை விழுந்தது. காத்தக்கா போனை வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

அடுத்த நாள் விடிந்து ஜீப் அடிவாரத்தில் போய் நின்றது. அதிகாரி பூட்ஸின் கயிற்றை நாலாவது தடவையாகக் கட்டினார். தலையை மட்டும் நிமிர்த்தவேயில்லை. மேகத்துக்குள் போய் மறைகிற பாதையைக் காத்தக்காதான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல காத்து எவ்வளவும்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியல சார்," என்றாள். நாலு வருஷத்தில் அந்தச் சிகரத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் உண்மை அது.