கேரட்டின் தலையில் மோர்

ஜிபார் சந்தைப் பையோடு நாலு மாடி ஏறி வந்தபோது வீட்டுக் கதவு பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. நடையெல்லாம் மோர். மோர்த் தடம் கூடத்துக்குள் போய் கண்ணாடிப் பெட்டியின் அடியில் முடிந்தது. பெட்டியின் மூடி தரையில் கிடந்தது. உள்ளே பாம்பு இல்லை.

பக்கத்தில் காலிக் கிண்ணத்தோடு நாத்தனார் சாகின் நின்றாள். செத்துப்போன தம்பியின், ஜிபார் புருஷனின், வருஷச் சடங்குக்காக நாரின் என்ற மலை ஊரிலிருந்து வந்தவள். சடங்கு முடிந்து விருந்தாளிகள் போன பிறகும், வீட்டை ஒழுங்கு பண்ணித் தருகிறேன் என்று தங்கியிருந்தாள்.

"அனுப்பிட்டேன், கெலின்," என்றாள். ஜிபாருக்கு ஐம்பத்தாறு வயதாகியும் சாகினுக்கு அவள் 'கெலின்'தான், இந்த வீட்டுக்கு வந்த மருமகள். "வெள்ளை ஊத்தி, வாசல் காட்டி, மரியாதையா அனுப்பிட்டேன்."

வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்கக் கூடாது. தலையில் பாலோ மோரோ, வெள்ளையாக எதையாவது ஊற்றி வெளியே விட வேண்டும். வந்தது யாரோ எவரோ, வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்த உயிர். இதெல்லாம் ஜிபாருக்கும் தெரியும். ஆனால் அது வழி தவறி வந்த பாம்புக்கு. ஒன்பது வருஷமாக வாடகை கொடுக்காமல் கூடத்தில் குடியிருக்கிற பாம்புக்கா மோர் ஊற்றி விடை கொடுப்பார்கள்?

"வெளிய பனி கொட்டுது அக்கா," என்றாள் ஜிபார். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "படிக்கட்டு தாண்டினா விறைச்சுச் செத்துரும். அது இந்த ஊர்ப் பாம்பே இல்ல."

"எந்த ஊரா இருந்தா என்ன, போகவேண்டியதுதானே."

"அத அனுப்ப நீங்க யாரு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஜிபாருக்கு உறைத்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் நாத்தனாரை அவள் எதிர்த்துப் பேசியதில்லை. சாகின் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஜிபார் பையை அப்படியே போட்டுவிட்டுப் படி இறங்கி ஓடினாள். ஒவ்வொரு மாடியிலும் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தாள், குழந்தை வண்டிக்கு அடியில் பார்த்தாள். கீழே முற்றத்துப் பனியில் பூனையின் கால்தடம் மட்டும் இருந்தது. பூனை கவ்விக்கொண்டு போயிருக்குமோ என்று அந்தத் தடத்தின் பின்னாலேயே சுவர்வரை போய்ப் பார்த்தாள்.

அந்தப் பாம்பு வந்த நாளில் இப்படி ஓடுவோம் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். அவள் புருஷன் டிராலிபஸ் ஓட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரஷ்யாவுக்குப் போகிற யாரோ ஒரு மாணவனிடமிருந்து, வளர்ப்புப் பிராணிகள் விற்கிற பறவைச் சந்தையில் அதை வாங்கி வந்தார். புலாவுக்குக் கேரட் வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தாள். பையைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் நெளிந்தது. "நீதானே கேரட் கேட்டே?" என்றார் அந்த மனிதர். அன்றிலிருந்து அதற்குப் பெயர் கேரட். ஜிபார் ஒரு வாரம் அடுக்களையில் படுத்தாள்.

புருஷன் பெயரை அவள் சொன்னதில்லை. சாகின் அந்த விஷயத்தில் கறார். அதனால் வீட்டில் அவருக்கு 'டிரைவர்' என்றே பெயர். டிரைவர், சூப்பு ஆறுது. டிரைவர், குளியலறைக் குழாய் ஒழுகுது. குழாய் விஷயத்தில் மட்டும் டிரைவருக்குக் காது கேட்காது. ஒழுகும் இடத்தில் ஒரு பழைய கம்பளித் துணியைச் சுற்றி விட்டு, "நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்பார். அந்த நாளை வரவேயில்லை. கீழ்வீட்டுக்காரி மாதம் ஒரு முறை மேலே வந்து கத்திவிட்டுப் போவாள்.

பாம்பு விஷயத்தில் மட்டும் அவருக்கு அப்படியொரு கண்ணும் கருத்தும். அது எலியை விழுங்கிய அன்று வீட்டில் டிவி சத்தம் குறையும். "சாப்பிட்டவன் தூங்கட்டும். இப்ப அவனத் தூக்கினா மொத்தத்தையும் கக்கிடுவான்." வெப்ப விளக்குக்கு அடியில் வயிறு புடைக்க அது கிடக்கும், அவர் எதிரே டீயோடு உட்கார்ந்திருப்பார். ஜிபாரிடம் அத்தனை மணி நேரம் அவர் உட்கார்ந்து பேசியதில்லை. அவளுக்கு அதில் கோபம் உண்டு, இப்போதும் உண்டு.

அந்த விதியை அவரே ஒரு முறை மீறினார். நோன்புப் பெருநாளன்று, வந்தவர்களிடம் பெருமையடிக்க, முந்தின நாள்தான் எலி தின்றிருந்த பாம்பைக் கையில் எடுத்துக் காட்டினார். அது ரொட்டி பரப்பிய விரிப்பின் நடுவில், சாகினுக்கு நேரெதிரே, பாதி செரித்த எலியைக் கக்கியது. சாகின் எழுந்து போனவள் அப்புறம் ஒரு வருஷம் இந்தப் படி ஏறவில்லை. ஜிபார் அன்று அடுக்களைக்குள் ஓடி, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தாள். ராத்திரி அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்து, அவள் பனியில் நின்றபடியே அழுதாள்.

மேலே வந்தாள். அது வாசலைத் தாண்டியதைத் தான் பார்க்கவில்லை என்றாள் சாகின். வீட்டுக்குள்ளேயே எங்காவது இருக்கலாம் என்ற நினைப்பில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே இருந்த வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். அது எப்போதும் சூட்டைத் தேடுகிற ஜீவன். ஒன்றுமில்லை. சோபாவைத் தள்ளினாள். சாகின் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"அதோட கண்ணு வெள்ளையாயிருந்துச்சு," என்றாள் சாகின் மெதுவாக. "பால் மாதிரி. கண்ணாடியில முட்டி முட்டி என்னையே பார்த்துச்சு. கடைசி மாசம் தம்பி என்னப் பார்த்தானே, அதே பார்வை."

ஜிபார் கையிலிருந்த சோபாவை விட்டாள். சர்க்கரை வியாதி அவர் கண்பார்வையைக் கடைசியில் பறித்துவிட்டது. நேரே முகத்தைப் பார்ப்பார், ஆனால் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

"வருஷம் திரும்பினதும் வந்திருக்கான், பொட்டிக்குள்ள அடைபட்டுக் கிடக்கான்னு நினைச்சேன். தம்பிய அப்படி எப்படி விட்டுட்டுப் போறது? கையில மோர்தான் இருந்துச்சு."

அவள்மேல் இருந்த கோபமெல்லாம் ஜிபாருக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அது தோல் உரிக்கப் போவுது அக்கா. அதுக்கு முன்னாடி கண்ணு அப்படித்தான் ஆகும். தின்னாது, யாரையும் கிட்ட விடாது. கண்ணு தெரியாததால பயந்து கொத்த வரும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். அவர் பாம்பிடம் பேசுகிற பாவனையில் அடுக்களைக்குக் கேட்கும்படி சொன்னது காதில் ஒலித்தது. *வயிறு நிறைஞ்சா உனக்குச் சூடு வேணும். சட்டை கழட்டுறதுன்னா ஈரம் வேணும். துரைக்கு எத்தனை வசதிடா!*

"தப்பான இடத்துல தேடுறோம்," என்றாள்.

குளியலறையில் தொட்டியின் அடிப்பக்கத்தை மூடியிருந்த, ஓரம் விலகிய பலகையை இரண்டு பேரும் சேர்ந்து பெயர்த்தார்கள். டார்ச்சை அடித்தால், ஒழுகுகிற குழாய்க்கு அடியில், சொட்டச் சொட்ட நனைந்த அந்தப் பழைய கம்பளித் துணியின் மடிப்புக்குள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுருள். தலையில் காய்ந்த மோர். பால் விழுந்த கண்ணால் வெளிச்சத்தைப் பார்த்து அது சீறியது.

ஜிபார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒழுகின குழாய் காப்பாத்திடுச்சு. சோம்பேறி மனுஷன்," என்றாள். சாகின் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எடுக்கலயா?"

"கண்ணு வெளுத்திருக்கறப்ப தொடக்கூடாதாம். தானா வரும். சொல்லியிருக்காரு."

"அவன் சொன்னா சரி," என்றாள் சாகின். தம்பி சொன்னது எதையும் அவள் இதுவரை சரி என்று சொன்னதில்லை.

ஊருக்குக் கிளம்ப வேண்டியவள் கிளம்பவில்லை. குளியலறைக் கதவிடுக்கில் துண்டைத் திணித்தார்கள். பக்கத்து வீட்டில் போய்க் குளித்தார்கள். கீழ்வீட்டுக்காரி குழாயைப் பற்றிக் கத்த வந்தபோது சாகின் வாசலிலேயே மறித்தாள்: "வீட்ல பிள்ளத்தாச்சி மாதிரி ஒரு உசிரு இருக்கு. அடுத்த வாரம் வந்து கத்து." சாயங்காலங்களில் இருவரும் டீயோடு உட்கார்ந்து டிரைவரைப் பற்றிப் பேசினார்கள். சின்ன வயதில் அவர் ஆட்டுக்குட்டியைப் படுக்கைக்குள் ஒளித்து வைத்து அடி வாங்கிய கதையை ஜிபார் அப்போதுதான் கேள்விப்பட்டாள். பெருநாள் விருந்தில் எலி விழுந்ததைச் சொல்ல வந்து ஜிபார் பாதியில் தயங்கினாள். சாகினே மீதியைச் சொல்லி முடித்தாள், இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

நடுவில் ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது அதன் கண் தெளிந்திருந்தது. இனி கொஞ்ச நாள்தான் என்றாள் ஜிபார். அப்படியே ஒரு காலையில் அது பளபளவென்று, இப்போதுதான் சந்தையிலிருந்து வந்ததுபோல, தொட்டிக்குள் படுத்திருந்தது. கம்பளித் துணியின் சொரசொரப்பில் தோல் சிக்கிக் கிடந்தது. எங்கும் கிழியாத முழுத் தோல். கண்ணின் மேல் இருந்த சின்ன வட்டங்கள்கூட அதிலேயே இருந்தன. தலைப் பக்கம் மோரின் வெள்ளைத் திட்டு.

சாகின் அதை இரண்டு கையிலும் ஏந்தினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வெள்ளை ஊத்தினது இதுலதான் இருக்கு. இத நான் கொண்டு போறேன், கெலின். அவனப் படுக்க வெச்ச இடத்துல வெக்கறேன். உள்ள இருக்கறது உன்கிட்ட இருக்கட்டும்."

ஜிபார் பாம்பைப் பெட்டிக்குள் விட்டு மூடியை அழுத்தினாள். பிறகு தோலை ஒரு வெள்ளைத் துணியில் சுருட்டிக் கொடுத்து, சாகினின் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே கீழே இறங்கினாள். முற்றத்தில் பனி கொட்டுவது நின்றிருந்தது. வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சாகின் ஏறவில்லை.

"அவனக் கூப்பிட்டு வழியனுப்பு," என்றாள்.

"என்னன்னு?"

"பேரச் சொல்லி. நான் எதுவும் நினைக்க மாட்டேன். டிரைவர்னா எந்த டிரைவர்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

ஜிபார் அந்தப் பெயரை மற்றவர்கள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள், ஆஸ்பத்திரித் தாளில் எழுதியிருக்கிறாள், கல்லில் செதுக்கியதைத் தடவியிருக்கிறாள். தன் வாயால் சொன்னதில்லை. துணிச் சுருளின்மேல் கையை வைத்தாள்.

"துர்தாகுன்," என்றாள். பிறகு, கொஞ்சம் பலமாக, "துர்தாகுன், போயிட்டு வா."

சாகின் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை ஜிபார் நின்று பார்த்தாள். அப்புறம் படியேறினாள். தோல் உரித்த பசிக்கு அது நன்றாகச் சாப்பிடும், டிவியைக் குறைத்து வைக்க வேண்டும்.