கூறையின் சரசரப்பு

கௌசலாவின் கூறைச்சேலையை அவளோடு எரிக்க நான் விடவில்லை. சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கூறையைத்தான் உடுத்த வேண்டும் என்று அவளுடைய சின்னம்மா சொன்னார். நான் அலமாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறொரு பட்டுச்சேலையை எடுத்துக் கொடுத்தேன். சின்னம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது அதன் சத்தம். கல்யாண நாள்தோறும் அதைக் கட்டிக்கொண்டு எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் அறையிலிருந்து கூடத்துக்கு வருவாள். சிரித்துக்கொண்டு வருகிறாளா, கோயிலுக்குக் கிளம்ப நான் தாமதித்ததற்குத் திட்டப்போகிறாளா என்பது அந்தப் பட்டின் சரசரப்பிலேயே தெரிந்துவிடும்.

தாலி கட்டும் நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் சேலையை யாழ்ப்பாணத்தார் கூறை என்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் புழங்கியதில்லை. பெண் பேசக் கிள்ளானுக்குப் போன அன்று, கௌசலாவின் அப்பா கந்தையா, "கூறை மாப்பிள்ளை வீட்டார்தான் தரவேணும். அது எங்கட முறை" என்றார்.

என் அம்மா இராஜம்மாவின் முகம் வாடிவிட்டது. "கூரைக்கு நாங்க எங்கங்க போறது? கம்போங் மேடான்ல ஃபிளாட்டு. எங்க தலைக்கு மேலயே வேற ஒருத்தர் வீடுதான் இருக்கு."

உள்ளறையில் யாரோ சிரித்தார்கள். கௌசலாவின் சிரிப்பைத்தான் நான் முதலில் கேட்டேன், அவளைப் பிறகுதான் பார்த்தேன்.

அதன்பின் மழையில் வீடு ஒழுகும்போதெல்லாம், "உங்கம்மா வாங்கித் தந்த கூரை ஒழுகுது, வாளி கொண்டாங்க" என்பாள்.

எங்கள் மகள் தாமரை செராஸில் உடை வடிவமைப்புப் படிக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு உணரும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்பது இறுதியாண்டுக் கண்காட்சிக்கான வேலை.

"அம்மா கூறை வேணும்பா."

"வெட்டுவியா?"

"டிசைன் இன்னும் முடிவாகல."

"அப்ப முடியாது."

"மடிச்சு வெச்சா சத்தம் போடுமா? மடிப்புலயே இத்துப் போயிடும் லா."

கத்தரி படக்கூடாது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

கண்காட்சியில் போய்ப் பார்த்தால், சிவப்புக் கூறையை விரித்துத் தலைக்கு மேலே கட்டியிருந்தாள். கூரையாகவே. பக்கத்தில் ஒரு மின்காற்றாடி ஓடியது. வருகிறவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு அடியில் நின்றார்கள். அவளுடைய சீனத் தோழி மெய் லிங் மட்டும் தயங்கி, அம்மா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லையே, துக்கத்தில் சிவப்பா என்று கேட்டாள். எங்களில் சுமங்கலியாகப் போகிறவர்களுக்கே சிவப்புதான் கட்டுவார்கள் என்றாள் தாமரை. இந்தக் கூரை தாயின் அரவணைப்பைக் குறிக்கிறதா என்று விரிவுரையாளர் கேட்டார். இல்லை லா சார், எங்கள் பாட்டி காதில் தப்பாக விழுந்தது என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு என் கண்ணைக் கட்டினாள். சத்தம் கேட்டது. அதே பட்டு, அதே சரிகை. ஆனால் தலைக்கு மேலே ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அம்மா மாதிரி இருக்காப்பா?"

"அம்மா நடந்து வருவா."

காற்றாடி நின்றது. முடிச்சுகளை அவிழ்ப்பதும் நாற்காலியை இழுப்பதும் கேட்டன. பிறகு அறையின் மறுகோடியிலிருந்து அந்தச் சரசரப்பு புறப்பட்டு என்னை நோக்கி வந்தது. ஜீன்ஸுக்கு மேலேயே சுற்றியிருப்பாள் போலிருக்கிறது. அவசர நடை. அவள் அம்மாவுடையது இல்லை.

"இப்போ?"

நான் கண்கட்டை அவிழ்க்கவில்லை.

"இன்னொரு தடவை வாம்மா. நான் லேட்டாக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு வா."