மாப்பிள்ளை கொட்டிய சனிக்கிழமை

கூடத்து மூலையில் இருந்த உப்புத்தண்ணீர்த் தொட்டியில் மூன்று பாறைகளும் ஒரு தேள்மீனும் இருந்தன. வந்தவர்கள் எல்லாரும் பாறை நான்கு என்றுதான் எண்ணுவார்கள். அது அசையாமல் கிடக்கும். இறால் நேரே வந்தால் மட்டும் வாயைத் திறக்கும்.

"எங்கம்மா வீட்டுக்கு வந்தா நீ உக்காந்திருப்பியே, அதே மாதிரி" என்று புருஷனிடம் சொல்லி, அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தவள் பிளம்பரின் பெண்டாட்டி.

முதுகு முள்ளில் விஷம் என்று தெரிந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டாள். "ஒரே ஒரு தடவை கொட்டினாலும் மாப்பிள்ளை கடைக்குத் திரும்பிப் போயிடணும்."

பிளம்பர் தலையாட்டினார். எட்டு மாதமாக வேலை விட்டு வந்ததும் அதன் முன்னால்தான் உட்காருவார். நாள் முழுக்கச் சாக்கடையோடு மல்லுக்கட்டிய மனுஷருக்கு, சுத்தமான தண்ணீரைச் சும்மா பார்ப்பதே பெரிய சுகம்.

அந்தச் சனிக்கிழமை மதியம் பாறைக்குப் பின்னால் பம்பின் குழாய் கழன்றுவிட்டது. நீள இடுக்கி கொக்கியில் தொங்கியது. தடித்த கையுறையும் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் இருபது வருஷமாகச் சுவருக்குப் பின்னால் இருப்பதை விரலால் பார்த்தே வேலை செய்தவர் அவர். வெறுங்கையை உள்ளே விட்டார். ஒரு பாறை, இரண்டு, மூன்று. குழாயைச் செருகிவிட்டார். கையை எடுக்கும்போது நான்காவதாக ஒன்று தட்டுப்பட்டது.

உள்ளங்கையில் பழுக்கக் காய்ச்சிய ஆணியை இறக்கியது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"தாங்குற சூட்டு வெந்நீர்ல கையை வைங்கண்ணே. நல்ல கையால சூடு பாத்துக்குங்க, இல்லன்னா கை வெந்துடும். அப்புறம் டாக்டர்கிட்டப் போங்க."

பாத்திரம் கழுவும் தொட்டியில் வெந்நீரை ஊற்றிக் கையை விட்டபோது வாசலில் செருப்புச் சத்தம். சலவைக்கூடத்து வேலையிலிருந்து பெண்டாட்டி வந்துவிட்டாள். அவர் சட்டென்று குழம்புச் சட்டியை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டார்.

"என்னய்யா பண்ற?"

"பாத்திரம் கழுவுறேன்."

பதினான்கு வருஷத்தில் ஒரு டம்ளரைக்கூடக் கவிழ்த்து வைக்காத ஆள். அவள் கிட்டே வந்து, வெந்நீரிலேயே பழுத்த தன் கையை விட்டுப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சே. பிசுக்கு எப்படிப் போகும்?"

மறுபடி சுடவைத்துப் பதமாக விளாவி ஊற்றினாள். பரணில் இருந்த பாத்திரமெல்லாம் இறங்கி வந்தது. அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே நின்றாள். ஒரு மணி நேரத்தில் வலியும் தணிந்தது, பாத்திரமும் தீர்ந்தது.

"மூச்சு கீச்சு வாங்குதா?"

"எதுக்குக் கேக்குற?"

"கடைக்காரர் அப்பவே எனக்கும் போன் பண்ணிட்டாரு. கிளம்பு, டாக்டரப் பாக்கலாம்."

டாக்டர் காயத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டு, வெந்நீர் வைத்தது நல்லது என்று அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் பிளம்பர் தொட்டி முன்னால் நின்றார். மீன் கல்லாகவே கிடந்தது.

"நாளைக்குக் கடையில விட்டுடறேன்" என்றார், குரல் இறங்க.

பெண்டாட்டி பளபளவென்று அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்தாள்.

"எட்டு மாசமா சும்மா தின்னுட்டு, இன்னிக்குத்தான் இந்த வீட்டுக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அவருக்கு வாயெல்லாம் பல். சாப்பிட்டு முடித்ததும் அவள் இரண்டு தட்டையும் அவர் பக்கம் தள்ளினாள். அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"நல்ல கை ஒண்ணு இருக்கில்ல" என்றாள்.