முருகையா கவுண்டரின் வேர்க்கட்டு

உலகில் தோன்றிய உரிமைகளிலேயே உயர்ந்தது குத்தகைதாரனின் உரிமை. அதன் முன்னால் பிரபுக்களே வாயடைத்து நின்றிருக்கிறார்கள்.

தீவுநாட்டின் தலைநகர் சுவாவில் சட்டம் படிக்கும் ஷல்வின் இதை அறிவித்தது ஆடி ஆடிப் போகும் கரும்பு லாரியின் பின்தட்டிலிருந்து. கேட்டவர் ஒருவர்தான், அவன் அப்பா முருகையா கவுண்டர். பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்குமுன் காணிக்கையாக வைத்து, பிறகு இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைக் கைக்குழந்தை போல மடியில் வைத்திருந்தார்.

"ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே, துரத்திவிட்ட குத்தகைக்காரன் இங்கிலாந்துல கோர்ட்டுக்குப் போய் நிலத்தையே திரும்ப வாங்கினான்ப்பா! நீங்க என்னடான்னா வேரைத் தூக்கிட்டுப் போய், பாயில குந்தி, கையைத் தட்டிக்கிட்டு... கூத்து!"

"இந்தக் கரும்பு வெட்டோட நம்ம குத்தகை முடியுதுடா. வீடு அந்த மண்ணு மேலதான் நிக்குது."

"அதான் சட்டம் இருக்கே."

"இருக்கட்டும். வேரும் இருக்கட்டும்."

நிலத்துக்குரிய பூர்வகுடிக் குலத்தின் மூத்தவர் அபெனிசா. அவர் ஊரில் லாரியிலிருந்து குதித்தபோது கவுண்டரின் முழங்கால் பிடித்துக்கொண்டது. பாயில் சம்மணம் போட முடியவில்லை. பெரியவர் முன்னால் காலை நீட்டுவது அங்கே பெரும் மரியாதைக்கேடு.

"நீட்டிக்கடா கவுண்டா, நான் அந்தப் பக்கம் பாக்கல" என்று அபெனிசா கூரையைப் பார்த்தார்.

கிடைத்த இடைவெளியில் ஷல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு ஐந்நூறு வருட வரலாற்றையும் சொல்லி முடித்தான். அபெனிசாவின் மனைவி லோசலினி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லாப் பேசுறடா மருமவனே" என்றார் அபெனிசா. "மூணு வயசுல இதே பாயில ஒண்ணுக்குப் போனே. அப்பவும் யாரையும் கேக்கல."

"மாமா, அது வேற..."

"சரி, குத்தகை முடிஞ்ச மறுநாள் உன் சட்டம் என்ன சொல்லுது?"

ஷல்வின் யோசித்தான். பொய் சொல்லும் அளவுக்கு அவன் இன்னும் படித்திருக்கவில்லை.

"நிலம் உங்களுக்கே திரும்பிடும், மாமா."

"என் தம்பி பசங்களுக்கும் அது மேல ஒரு கண்ணு இருக்கு. அப்ப நீங்க என்ன செய்யணும்?"

ஷல்வின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் கவுண்டர் பல்லைக் கடித்தபடி நீட்டிய காலை மடக்கிப் பார்த்தார். வேர்க்கட்டு கைக்கு எட்டவில்லை, மறுபடியும் எக்கினார்.

ஷல்வின் அதை எடுத்துக்கொண்டான். மண்டியிட்டு, இரண்டு கையாலும் அபெனிசாவின் முன் நகர்த்தி வைத்தான். குரல் தரையோடு தரையாக இருந்தது.

"இன்னொரு முப்பது வருஷம் நாங்க இங்கேயே இருக்கணும், மாமா. கேக்கத்தான் வந்தோம்."

அபெனிசா கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். குனிந்து, ஏற்றுக்கொண்டதாக வேரைத் தொட்டார்.

"பசங்ககிட்ட நான் பேசிக்கிறேன். திங்கக்கிழமை நில ஆபீசுக்கு நானே கூட வரேன்."

கவுண்டர் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

லோசலினி கலக்கிய யங்கோனாவில் முதல் கொட்டாங்கச்சி ஷல்வினிடம் வந்தது. அவன் முறைப்படி உள்ளங்கைகளைக் குழித்து ஒருமுறை தட்டினான்; ஒரே மூச்சில் குடித்தான்; மறுபடி மூன்று முறை தட்டினான்.